கால் போத்தலும் கனடாக் கணக்கும்

வெள்ளவத்தை,
கொழும்பு 6

அன்பின் குணா,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி கேட்டு இவளுக்கு ஒரே சந்தோசம். இங்கே எல்லாரும் சுகம், மழைதான் விடுகிறதாக இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரவில் ஒரு கிளாஸ் வைன் இதயத்துக்கு நல்லது என்று வருசக்கணக்காகச் சொன்னவர்கள் இப்போது ஏன் மாற்றிக் கதைக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். பிரெஞ்சுக்காரர் வெண்ணெயும் சீஸுமாகச் சாப்பிட்டும் மாரடைப்புக் குறைவு, காரணம் வைன் என்ற கதை 1992 அளவில் பரவியது உனக்கு நினைவிருக்கும். அளவாகக் குடிப்பவர்களை விடக் குடிக்காதவர்கள் முந்திச் சாகிறார்கள் என்று பல ஆய்வுகளும் காட்டின.

யார் இந்தக் குடிக்காதவர்கள்? எங்கள் அத்தானையே எடுத்துக்கொள். முப்பது வருசம் சாராயம் குடித்தார். சுகர், பிரஷர், பிறகு பைபாஸ். இப்போது மேசை நிறையக் குளிசைப் பெட்டி, ஒரு சொட்டும் தொடுவதில்லை. நாளைக்கு ஒருவர் படிவத்தோடு வந்து கேட்டால் அவரும் ‘குடிக்காதவர்’ பக்கம்தான் விழுவார். அவரோடு ஒப்பிட்டால் அளவாகக் குடிக்கிற எவனும் பயில்வான்தான். இங்கிலாந்தில் ஷேப்பர் என்ற பேராசிரியர் 1988 இலேயே இதைச் சுட்டிக்காட்டிவிட்டார். போதாததற்கு, அங்கெல்லாம் அளவாக வைன் குடிப்பவர்களில் வசதியானவர்கள் அதிகம்.

2019 இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த சீன ஆய்வுதான் எனக்குப் பிடித்தது. கிழக்காசியர் பலருக்கு ஒரு மரபணுவால் பிறவியிலேயே குடி ஒத்துக்கொள்ளாது, முகம் சிவந்துவிடும், அதனால் குறைவாகவே குடிப்பார்கள். அத்தானைப் போல வருத்தம் வந்ததால் குடியை விட்டவர்கள் இல்லை, பார். அந்த மரபணுவை வைத்துப் பார்த்தபோது அளவான குடி பக்கவாதத்தைத் தடுப்பதாகத் தெரியவில்லை. குடி கூடக் கூட பிரஷரும் பக்கவாதமும் கூடின.

ஆனாலும் விவாதம் முடியவில்லை. 2024 டிசம்பரில் அமெரிக்கத் தேசிய அகாடமிகளின் அறிக்கை, ஒருநாளும் குடிக்காதவர்களை விட அளவாகக் குடிப்பவர்களிடையே இறப்புக் குறைவு என்றே சொன்னது. அதே அறிக்கைதான் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்றும் சொன்னது. புற்றுநோய் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகவரகம் 1988 இலேயே மதுவை, புற்றுநோய் தருவது நிச்சயம் என்ற முதலாம் பட்டியலில் போட்டுவிட்டது.

அளவு என்பதையும் பார். உங்கள் கனடாவில் 2011 இல் ஆண்களுக்கு வாரம் 15 கிளாஸ் வரை என்றார்கள். 2023 இல் 2 க்கு இறக்கிவிட்டார்கள். எங்கள் தென்னஞ்சாராயம் சுமார் 33 வீதம். 180 மில்லி கால் போத்தலில் உங்கள் கணக்குப்படி மூன்றரைக் கிளாஸ். சாராயக்கடை பூட்டுகிற போயாவுக்கு (பௌர்ணமி விடுமுறைக்கு) முதல்நாள் பின்னேரம் இங்கே வைன் ஸ்டோர்ஸ் வாசலில் நிற்கிற கியூவைப் பார்த்தாயானால் அந்த 2 உனக்குப் பகிடியாக இருக்கும். பெயர்தான் வைன் ஸ்டோர்ஸ், வாங்குவது சாராயம்.

ஆகவே மச்சான், ருசிக்காகக் குடிக்கிறாய் என்றால் குடி, டொக்டர் சொன்ன அளவோடு. இதயத்துக்கு மருந்து என்று மட்டும் தங்கச்சியிடம் சொல்லாதே. அவள் தொடாதவள், உன் கதையைக் கேட்டுப் புதிதாகத் தொடங்கவும் தேவையில்லை.

டிசம்பரில் வருவதானால் டிக்கெட்டை இப்போதே போடு. வரும்போது பிரஷர் பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கி வா, இங்கே விலை ஏறிக் கிடக்கிறது.

அன்புடன்,
சந்திரன்