4471 விழுந்துவிட்டது

அன்புள்ள தோழிக்கு,

ஏழு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்ட வேண்டியதைத் திட்டிவிட்டு மேலே படி. உன் முழங்கால் தேவலையா? என்னுடையதைப் பற்றிக் கேட்காதே.

விஷயம் இதுதான்: நாம் எண் போட்டு அளந்துவந்த மரங்களில் 4471 விழுந்துவிட்டது. நீ ஏணியில் நின்று பலகைவேர்களுக்கு மேலே அளவு நாடாவைச் சுற்ற, நான் குளவிக்குப் பயந்து ஏணியை விட்டு ஓடினேனே, அந்த மரம்தான். போன மாதக் காற்றில் வேரோடு சாய்ந்து பக்கத்து மரங்களையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. நாம் அடித்த அலுமினிய எண் தகட்டைப் பட்டை பாதி விழுங்கியிருந்தது. கத்தியால் நெம்பி எடுத்து வந்தேன், மேசைமேல் கிடக்கிறது.

அழுகாச்சிக் கடிதம் என்று நினைக்காதே. கதையே இனிமேல்தான். முப்பது வருடம் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்த உச்சிக் கிளைகள் என் இடுப்பளவில் கிடந்தன, பூவோடு! கிட்டத்தில் பார்த்தால், நாம் வைத்த பெயருக்கு உரிய பூவே இல்லை அது. மகரந்தத் தாள்கள் இரண்டு மடங்கு. மூன்று நாள் ஹெர்பேரியத்தில் உட்கார்ந்து உலர் மாதிரிகளோடு ஒப்பிட்டேன். சந்தேகமே இல்லை, வேறு இனம்.

முகர்ந்தே மரத்தின் பெயர் சொல்லும் நம் மூக்கண்ணனிடம் காட்டினேன். இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு, "அன்னைக்கே சொன்னேனே. இதோட பால் கொஞ்ச நேரத்துல மஞ்சளாகும், நீங்க சொல்ற மரத்தோடது மஞ்சளாகாது" என்றார். சொன்னார்தான். நாம் சிரித்தோம். "அண்ணனுக்கு மூக்கு போதும், நமக்கு ஆதாரம் வேண்டும்" என்றது நீயா நானா என்று யோசித்துப் பார்த்தேன். நான்தான்.

அன்றோடு தூக்கம் போயிற்று. நம் இரண்டாவது கட்டுரையை நினைத்துப் பார். சூழலியலாளர்கள் ஜான்சென் 1970இலும் கானெல் 1971இலும் சொன்னபடி பார்த்தால், தாய்மரத்தின் காலடியில் விழும் கன்றுகளை அந்த இனத்துக்கே உரிய பூச்சியும் பூஞ்சையும் தீர்த்துக் கட்டியிருக்க வேண்டும். எங்கள் காட்டில் அப்படி ஒன்றும் தெரியவில்லை என்று நாம் எழுதினோம். எல்லா இனமும் சமம், எது பெருகும் என்பது தற்செயல்தான் என்னும் நடுநிலைக் கோட்பாட்டை 2001இல் ஹப்பெல் புத்தகமாக்கியபோது நீ அந்தக் கட்டுரையைக் காட்டித்தானே ஆட்டம் போட்டாய்! இரண்டு இனத்தை ஒரே பெயரில் போட்டுக் கலக்கினால் எப்படித் தெரியும்? சொந்தத் தாயிடம் செத்ததும் சித்தியிடம் பிழைத்ததும் ஒரே கணக்கில் விழுந்துவிட்டன. பெலீஸ் காட்டில் பூஞ்சைக்கொல்லி தெளித்த இடங்களில் நாற்றுகளின் இனப் பன்மை குறைந்தது, அதாவது பூஞ்சைதான் அதைக் காத்துவந்தது என்று 2014இல் வந்ததே, அப்போதே எனக்கு உறுத்தல்தான். பந்தயத்தில் ஜெயித்த பேனாவை மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடு.

சரி, விளையாட்டு போகட்டும். நம் கணக்கெடுப்பில் அந்தப் பெயரில் அறுநூறு சொச்சம் மரங்களும் கன்றுகளும் இருக்கின்றன. எது எந்த இனம்? பெரும்பாலானவை பூக்காத சிறுசுகள். பட்டையைக் கீறியும் முகர்ந்தும் பிரிக்கத் தெரிந்த ஆள் அண்ணன் ஒருவர்தான். இந்த வருடக் கடைசியோடு அவர் வேலையை விட்டு நின்றுகொள்கிறார். என் மாணவர்கள் கெட்டிக்காரர்கள், கணினியில் காடே வளர்ப்பார்கள், ஆனால் கையில் ஒரு இலையைக் கொடுத்தால் போனை நீட்டுகிறார்கள். மலேசியாவின் லாம்பிர் காட்டில் 52 ஹெக்டேரில் சுமார் 1,200 மர இனங்கள். அங்கே அண்ணன்மார் நின்றுகொண்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

மரபணுச் சோதனைக்குப் பணம் கேட்டேன். மதிப்பீட்டாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "மறுபடி எண்ணுவதில் புதிதாக என்ன?" பனாமாவின் பாரோ கொலராடோ தீவுக் காட்டில் 1 செ.மீ. தடிமனுள்ள குச்சியைக்கூட விடாமல் 50 ஹெக்டேரையும் முதல் தடவை எண்ணியவர்களுக்கு, 1983இல் அப்படி ஒரு வறட்சி வரப்போகிறது என்று தெரியுமா? 1985இல் மறுபடி எண்ணியதால்தானே எவையெல்லாம் செத்தன என்று தெரிந்தது! இதை அவருக்கு இரண்டு பக்கம் எழுதி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன். உனக்குத்தான் பொறுமை இருக்கிறது, நீ கேள்.

பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்ப வேண்டும். உன் பெயரும் அதில் இருப்பதால் உன்னைக் கேட்காமல் செய்ய மாட்டேன். ஆனால் செய்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்கு முன் அண்ணனோடு அந்த அறுநூறையும் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட வேண்டும். மூன்று வாரம் போதும். அண்ணன் சரி சொல்லிவிட்டார், நீயும் வந்தால்தான் என்று ஒரு நிபந்தனையோடு. நீ பால் நிறத்தைக் குறித்துக்கொள், நான் நம்பர் படிக்கிறேன்.

டிசம்பருக்குள் வா. ஏணி இன்னும் அதேதான். இந்தத் தடவை நான் ஓட மாட்டேன், முழங்கால் விடாது.

உன்,
குளவி