ஸ்டெப்னியை ஒரு தடவை இறக்கிப் பாருங்கள்: மதுரை டிராவல்ஸ் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையில் காரும் வேனும் வைத்து டிராவல்ஸ் நடத்தும் முதலாளிமார்களுக்கு வணக்கம்.

கார்த்திகை பிறக்க இன்னும் மூன்று வாரம்தான். மாலை போடப்போகும் சாமிகள் உங்களிடம் வண்டி பேசத் தொடங்கியிருப்பார்கள். நீங்களும் ஆயில் மாற்றி, பிரேக் பார்த்து, சீட் கவர் துவைத்து வைப்பீர்கள். நான் வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கிறவன். அங்கே என் கண்ணில் படுகிற ஒன்றைச் சொல்லத்தான் இந்த மடல். ஸ்டெப்னி டயரைப் பற்றி இல்லை. வண்டிக்கு அடியில் அதைத் தூக்கிப் பிடித்திருக்கும் செயினையும், அந்தச் செயினைச் சுற்றி ஏற்றி இறக்கும் வின்ச்சையும் பற்றி.

போன சீசனில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு போன். உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாய்க்கு முன்னால் இன்னோவா பஞ்சர். ஆறு சாமிகள் இருமுடியோடு ரோட்டோரம் நிற்கிறார்கள். ஜாக்கி இருக்கிறது, ஸ்டெப்னியில் காற்றும் இருக்கிறது. ஆனால் ஸ்டெப்னி இறங்கவில்லை. முன்பு ஒரு தடவை திருடு போனதால், முதலாளி தனியாக ஒரு சங்கிலி சுற்றிப் பூட்டுப் போட்டிருக்கிறார். சாவி அவர் வீட்டு ஆணியில் பத்திரமாகத் தொங்குகிறது. நான் பைக்கில் போய் ஆக்ஸா பிளேடால் பூட்டை அறுத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, வின்ச்சும் துருவேறி இறுகிக் கிடக்கிறது. ஸ்டெப்னி இறக்கும் கம்பியை உள்ளே நுழைத்துத் திருகினால் அசையவில்லை. அழுத்தித் திருகியதில் உள்ளே பல் உடைந்து, கம்பி சும்மா சுற்றியது. கடைசியில் செயினையே அறுத்து இறக்கினோம். வண்டி கிளம்பும்போது மணி நாலரை. அந்த டிரைவர் தம்பியின் பேட்டாவில் பிடித்தம் செய்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவர் செய்த தப்பு என்ன என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இந்தத் துரு எங்கிருந்து வருகிறது? பாதி ராமேஸ்வரத்தில் இருந்து. மீனாட்சியம்மன் கோயிலை முடித்த வெளியூர்க்காரர்கள் அடுத்துக் கேட்பது ராமேஸ்வரமும் தனுஷ்கோடியும்தானே. அங்கே உப்புக் காற்று, ஈர மணல். ஸ்டெப்னி தொங்குவது பின்சக்கரங்களுக்குப் பின்னால் என்பதால் அவை வாரியடிப்பதெல்லாம் அதன்மேல்தான் வந்து விழுகிறது. திரும்பி வந்து வாட்டர் வாஷுக்கு விட்டாலும் ஸ்டெப்னியின் மேல்பக்கம் தண்ணீர் சரியாகப் போவதில்லை. ரிம் கிண்ணத்தில் சேறு அப்படியே காய்ந்து கிடக்கும். செயின் அதற்குள் புதைந்திருக்கும்.

எஃப்.சி., அதாவது வண்டிக்குத் தகுதிச் சான்று வாங்கும் சமயத்தில் இன்னொரு கூத்து. டாக்சிக்கு முதல் 8 வருஷம் 2 வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்குமேல் வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்க வேண்டும். அதற்காக அடியெல்லாம் கறுப்புப் பெயின்ட் அடிக்கிறீர்கள், சரி. துருவேறிய செயின்மேலும் அடித்தால்? கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பார்க்கப் பளபளப்பு, இறக்கினால் இறங்காது.

மாதம் ஒரு தடவை ஸ்டெப்னியைத் தரை வரைக்கும் இறக்கச் சொல்லுங்கள். சேற்றைக் கழுவிக் காயவிட்டு, செயினைக் கண்ணி கண்ணியாகப் பார்க்க வேண்டும். இறுகியிருந்தால் டபிள்யூ.டி.40 ஸ்ப்ரே அடித்துக் கொஞ்ச நேரம் விடலாம். ஆனால் அது இளக்கத்தான். அதோடு விட்டால் சில நாளில் பழைய கதைதான். மேலே கிரீஸ் வைக்க வேண்டும். திரும்ப ஏற்றும்போது செயின் முறுக்கில்லாமல், அதன் நுனியில் ஸ்டெப்னியைத் தாங்கும் அடித்தட்டு ரிம் ஓட்டையில் நேராக உட்கார வேண்டும். கையால் திருகுங்கள். பஞ்சர் கடையில் ஏர் கன் வைத்து ஏற்றுகிறார்கள். வின்ச் பல் உடைவது பெரும்பாலும் அதில்தான். ஏற்றிய பிறகு டயரைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இறக்கி மறுபடி ஏற்றுங்கள், ஆடுகிற ஸ்டெப்னி செயினைத் தேய்த்துவிடும். தேய்ந்த கண்ணிக்கு வெல்டிங் வைத்துத் தரச் சொல்லி என்னிடம் கேட்காதீர்கள், செய்ய மாட்டேன். நூறில் போகும்போது அறுந்தால் பின்னால் பைக்கில் வருகிறவர் கதி என்ன?

போலீரோ வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஸ்டெப்னி பின்கதவில் இருக்கிறது. அங்கே பாரமெல்லாம் கதவுக் கீலுக்கு. கதவைத் திறந்து லேசாகத் தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீல் பின் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஸ்டெப்னி என்ற பேரே ஒரு தெருவின் பேர். 1904-இல் வேல்ஸ் நாட்டு லனெத்லி ஊரில் தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர் உருவாக்கியது. கடை இருந்தது ஸ்டெப்னி தெருவில். அது காற்றடித்த டயரோடு வெறும் ரிம். பஞ்சரான சக்கரத்தோடு சேர்த்துக் கிளாம்ப் போட்டு ஓட்டினார்கள். வெள்ளைக்காரன் அந்தப் பேரை மறந்தாலும் நாம் விடவில்லை.

நான் கேட்பது இரண்டுதான். ஸ்டெப்னி இறக்கும் கம்பியும், பூட்டு இருந்தால் அதன் சாவியும் வண்டியிலேயே இருக்கட்டும். வின்ச் இறுகியதற்கு டிரைவரின் பேட்டாவில் கை வைக்காதீர்கள்.

கார்த்திகை ஒன்றுக்குள் என் பட்டறைக்கு வண்டியை அனுப்பினால் இறக்கிப் பார்க்கக் கூலி வாங்க மாட்டேன். செயினோ வின்ச்சோ மாற்ற வேண்டியிருந்தால் சாமான் காசு மட்டும். கம்பியை மறக்காமல் கொடுத்து விடுங்கள்.

இப்படிக்கு,
மதுரையில் ஒரு மெக்கானிக்