குடியிருப்போர் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை: செயலாளர் வாசித்தது

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, சேரவே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டதால் சுருக்கமாக வாசிக்கிறேன்.

கொடியேற்றம், கண் பரிசோதனை முகாம், பொங்கல் கோலப் போட்டி வழக்கம்போல் நடந்தன. தெருவிளக்குப் புகார்கள் பெரும்பாலும் தீர்ந்தன.

மூன்றாம் குறுக்குத் தெரு தூங்குமூஞ்சி மரம் வெட்டப்பட்டபோது செயலாளர் என்ன செய்தார் என்று சிலர் கேட்டார்களாம். சமவெளியில் பட்டா நிலத்து மரத்தை வெட்டப் பொதுவான தடை நம் தமிழ்நாட்டில் கிடையாது. 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் மலைப்பகுதிக்கு மட்டும். கர்நாடகத்தில் 1976-லும் டெல்லியில் 1994-லும் வந்ததுபோல் ஒரு மரச் சட்டம் நமக்கு வரவில்லை. சந்தனத்துக்குத் தனி விதி உண்டு. வேம்புக்கும் புங்கனுக்கும் யார் இருக்கிறார்கள்? 2019 கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணம் கட்டலாம். விதி கேட்பது பரப்பளவை. மரத்தை வெட்டிப் புல் பதித்தாலும் அளவு நாடா சரி என்றே சொல்லும்.

பொது நிலத்து மரமென்றால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். ஆகவே அடிமரம் எந்த சர்வே எண்ணில் நிற்கிறது என்பதே கேள்வி. "தெருமுனை மரம்" என்று எழுதிய மனு நகராது. புலப்பட (சர்வே எண்ணின் எல்லை வரைபடம்) நகல், 1.37 மீட்டர் உயரத்தில் அளந்த சுற்றளவு, எல்லைக்கல்லும் மரமும் சேர்ந்து தெரியும் படம் ஆகியவை இணைக்கப்பட வேண்டும். இணைத்தேன், கல் நீங்கலாக. நடைபாதை போட்டபோது அது சிமென்ட்டுக்குள் போய்விட்டது. சர்வேயர் வந்த அன்று சாட்சிக்கு எட்டுப் பேரை அழைத்தேன். ஒருவர் வந்தார். நில அளவை தள்ளிப்போயிற்று. அந்த ஞாயிறு காலை, அலுவலகங்கள் பூட்டியிருக்கையில், ரம்பம் ஓடியது.

அடிக்கட்டையைப் பிடுங்கவிடாமல் வைத்திருக்கிறேன். அது இருக்கும்வரை அளக்கலாம்.

மீதமுள்ள புங்க மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்கு சிமென்ட்டை உடைத்து மண் விட்டோம். பட்டையை வளையமாகச் சீவினாலே மரம் பட்டுவிடும். கண்டால் உடனே படமெடுங்கள்.

கணக்கு தணிக்கையாளர் பார்த்தது. சிறு இருப்பு உள்ளது. இவ்வாண்டு சற்றுக் கூடுதலான செலவு, சர்வே கட்டணம். 37 வீடுகளின் சந்தா பாக்கி. பெயர்களைப் பலகையில் ஒட்டவில்லை, இப்போதைக்கு.

பொருளாளருக்கும் காவலாளிக்கும் தேநீர் தந்த வீட்டாருக்கும் நன்றி.

அடுத்த நில அளவையும் வேலைநாளில்தான் வரும், காலை 11 மணி வாக்கில். கையெழுத்துக்கு நான்கு பேர் போதும். இந்தப் பொறுப்பை என்னைவிட நன்றாகச் செய்பவர் இருந்தால் கோப்புகளை இன்றே ஒப்படைக்கிறேன்.