ஷூபில் ஒரு நாரை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆப்பிரிக்காவின் ஷூபில் பறவையைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரையும் பெரிய வண்ணப் படமும் வெளியிட்டிருந்தீர்கள். தமிழில் இந்தப் பறவையைப் பற்றி யாராவது எழுதுவதே அபூர்வம், அதற்கு முதலில் என் நன்றி. ஆனால் தலைப்பில் 'அரக்கப் பறவை' என்றும், உள்ளே 'காலணிமூக்கு நாரை' என்றும், 'பார்த்தாலே குலை நடுங்கும்' என்றும் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பறவையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். குலை நடுங்கவில்லை. பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பிறகும் பல நாள் அதே நினைப்பாக இருந்தது.

வேலை நிமித்தமாக உகாண்டாவின் கம்பாலாவில் சில ஆண்டுகள் இருந்தேன். விக்டோரியா ஏரியை ஒட்டி, எண்டெபே நகரத்துக்கு எதிர்ப்புறம் மபாம்பா என்ற சதுப்பு நிலம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அங்கே போனோம். ஒல்லியான மரப்படகு. பின்னால் நின்று கழி ஊன்றியவர் முன்பு மீன்பிடித் தொழிலில் இருந்தவர். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் பாப்பிரஸ் கோரை, நடுவே அல்லி இலைகள் மூடிய குறுகலான நீர்ப்பாதை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தென்படவில்லை. அப்புறம் படகுக்காரர் சட்டென்று கழியை நிறுத்தி, கையால் மட்டும் காட்டினார்.

முதலில் பட்டுப்போன மரக்கட்டை என்றுதான் நினைத்தேன். நீலம் கலந்த சாம்பல் நிறம், என் நெஞ்சுயரம் இருக்கும். மிதக்கும் புல்மேல் நீண்ட விரல்களைப் பரப்பிக்கொண்டு, தலையைக் குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றது. முக்கால் மணி நேரம் அப்படியே நின்றது. நாங்களும் பேசவில்லை. பிறகு எந்த அறிகுறியும் காட்டாமல், இறக்கைகளை விரித்து உடம்போடு முன்னால் சரிந்து விழுந்தது. நாரை போல கழுத்தை மட்டும் நீட்டிக் கொத்துவதில்லை இது. மேலிருந்து ஒரு மூட்டையைத் தள்ளிவிட்டது போல முழு உடம்பும் தண்ணீருக்குள் போனது. எழுந்தபோது அலகு நிறையப் புல்லும் சேறும். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி அதையெல்லாம் உதிர்த்தது. மீன் இல்லை. நாலு எட்டு நடந்து, வேறோர் இடத்தில் மறுபடி நின்றுகொண்டது.

'சிலை போல நிற்கும் சோம்பேறிப் பறவை' என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. அப்படி நிற்பதுதான் அதன் வேலை. கோரை மண்டிய சதுப்பில் தண்ணீர் ஓடாது. செத்த இலைதழை மக்கி மக்கி, தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயு மிகவும் குறைந்துவிடும். அங்கே வாழும் நுரையீரல் மீன் மூச்சுவிட அவ்வப்போது மேலே வந்தே ஆக வேண்டும். ஷூபில் காத்திருப்பது அந்த ஒரு கணத்துக்காக. அசைந்தால் மீன் வராது. விழுந்தால் அந்த இடம் கலங்கிவிடும், வேறு இடம் பார்க்க வேண்டும். அதனால் ஒவ்வொரு முறையும் யோசித்துத்தான் விழுகிறது. மீன் கிடைத்தாலும் வழுக்கும் உடம்பு. அலகின் நுனியில் உள்ள கொக்கியும் கத்தி போன்ற ஓரங்களும் அதைப் பிடித்து, தலையைத் துண்டித்து விழுங்கத்தான். ஒரு சாண் நீளத்துக்குப் பருத்துக் கிடக்கும் அந்த அலகு கோரமாகத் தெரிவது, அது எதற்கு என்று தெரியாத வரைக்கும்தான்.

இந்த நுரையீரல் மீனுக்கு அங்கே பெரிய மதிப்பு உண்டு. உகாண்டாவின் ஒரு பகுதியான புகாண்டாவில் வாழும் மக்களின் மிகப் பெரிய குலங்களில் ஒன்றுக்கு இதுதான் குலச்சின்னம். அந்தக் குலத்தார் இதைச் சாப்பிட மாட்டார்கள். பறவைக்குத்தான் நல்ல பெயர் இருந்ததில்லை. ஷூபில் கண்ணில் பட்டால் அன்றைக்கு வலையில் மீன் விழாது என்று மபாம்பா மீனவர்கள் நம்பினார்கள், கண்ட இடத்தில் கொன்றார்கள். இன்று அதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பழைய மீனவர்கள் பலர் வழிகாட்டிகளாகிவிட்டார்கள். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் 2006-இல் அந்த இடம் சேர்ந்தது. எங்கள் படகுக்காரர் அந்தப் பறவையைக் காட்டியபோது அவர் முகத்தில் இருந்த பெருமிதத்தை நான் மறக்கவில்லை.

அடுத்து, பெயர். இதை நாரை என்று எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1850-இல் ஜான் கூல்டு என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர் இதற்கு வைத்த அறிவியல் பெயர் பலேனிசெப்ஸ் ரெக்ஸ். திமிங்கிலத் தலை கொண்ட அரசன் என்று பொருள். அரபியில் 'அபு மர்கூப்' என்பார்கள், செருப்பின் தகப்பன் என்று வைத்துக்கொள்ளலாம். உருவத்தைப் பார்த்து நெடுங்காலம் நாரைக் கூட்டத்தில்தான் சேர்த்து வைத்திருந்தார்கள். மரபணுவை ஆராய்ந்த பிறகு நெருங்கிய உறவு கூழைக்கடாவோடு என்று தெரிந்தது. எங்கள் பக்கத்துக் கூந்தன்குளத்தில் வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டும் அதே கூழைக்கடாதான். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் 'இது கூழைக்கடாவுக்குச் சொந்தம்' என்று படத்தைக் காட்டினால் யாரும் அரக்கன் என்று சொல்ல மாட்டார்கள். நல்ல தமிழ்ப் பெயர் அமையும் வரை ஷூபில் என்றே எழுதலாமே.

அரக்கன் என்ற சொல்லை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. செல்பேசியில் சுற்றும் காணொளிகள் எல்லாமே அந்த முறைத்த பார்வையையும், துப்பாக்கி வெடிப்பது போல அலகைத் தட்டும் சத்தத்தையும் காட்டுபவை. பெரும்பாலும் சத்தமே போடாத பறவை அது. கூட்டில் துணையை வரவேற்கும்போது அப்படித் தட்டும். இந்தப் பிரபலம் அதற்கு நல்லது மட்டும் செய்யவில்லை. விநோதப் பறவை வேண்டும் என்று பணம் கொடுக்க ஆள் இருப்பதால், கூட்டிலிருந்து குஞ்சுகளைத் திருடி விற்கிறார்கள். காட்சிசாலைகளில் இது குஞ்சு பொரித்ததே மிக அபூர்வம். 2008-இல் பெல்ஜியத்திலும், 2009-இல் அமெரிக்காவின் டம்பாவிலும் பொரித்ததைத்தான் பெரிய செய்தியாகச் சொல்கிறார்கள். அப்படியானால் கூண்டுக்குள் நாம் பார்க்கும் ஷூபில்களில் ஏறக்குறைய எல்லாமே ஏதோ ஒரு சதுப்பிலிருந்து எடுத்து வரப்பட்டவைதான்.

தெற்கு சூடான் முதல் ஜாம்பியா வரை எல்லா நாடுகளையும் சேர்த்தாலும், வளர்ந்த பறவைகள் 3,300 முதல் 5,300 வரைதான் இருக்கும் என்பது மதிப்பீடு. பெரும்பங்கு தெற்கு சூடானின் சட் சதுப்பில். நைல் தண்ணீரை அந்தச் சதுப்புக்குள் போகவிடாமல் திருப்ப 1978-இல் தொடங்கிய ஜோங்லே கால்வாய், உள்நாட்டுப் போரால் 1984-இல் பாதியில் நின்றுபோனது. முடிந்திருந்தால் அங்கே என்ன மிஞ்சியிருக்கும் என்று நினைக்கவே கலக்கமாக இருக்கிறது. ஜாம்பியாவின் பாங்வேலு சதுப்பில், உள்ளூர் மீனவக் குடும்பத்தினரே கூடுகளுக்குக் காவல் இருக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டு முட்டை இடும், வளர்ந்து ஆளாவது ஒரு குஞ்சுதான். இளையதை மூத்தது கொத்தித் துரத்தும், தாய் தகப்பன் தலையிடுவதில்லை. சாகப்போகும் அந்த இரண்டாவது குஞ்சை எடுத்து வளர்த்துக் காட்டில் விடும் முயற்சியும் அங்கே நடக்கிறது. உங்கள் கட்டுரையில் இதில் ஒரு வரியாவது வந்திருக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அடுத்த முறை எழுதும்போது, முன்னாலிருந்து எடுத்த அந்த முறைக்கும் முகத்தைப் போடாதீர்கள். வெயில் ஏறியதும் ஷூபில் அலகு நிறையத் தண்ணீர் மொண்டு வந்து, முட்டைகள் மேலும் குஞ்சின் மேலும் ஊற்றிக் குளிரவைக்கும். அந்தப் படம் கிடைத்தால், இதே போல முழுப் பக்கத்துக்குப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
பாளையங்கோட்டை