ஷேப்வேர் அட்டையில் அங்குல அளவு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புடவைக்கு அடியில், உடலை இறுக்கிப் பிடித்து வடிவாகக் காட்ட அணியும் ஷேப்வேர் என்ற உள்ளாடை குறித்துத் தங்கள் மகளிர் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அன்றைய ஐரோப்பியப் பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்ட அணிந்த கார்செட்டின் மறுபிறவியே இது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை, மயிலாப்பூரில் முப்பது ஆண்டுகளாக ரவிக்கை தைத்துவரும் என்னால் ஏற்க இயலவில்லை.

கார்செட் வளைந்து கொடுக்காதது. திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுத்த தகடுகளையும், பின்னாளில் எஃகுப் பட்டைகளையும் துணிக்குள் செருகித் தைத்து, முதுகுப்புறம் கயிற்றால் இழுத்துக் கட்டினார்கள். 1820களின் இறுதியில் கயிறு நுழையும் துளைகளுக்கு உலோக வளையம் பதிக்கத் தொடங்கிய பின், துணி கிழிந்துவிடுமோ என்ற அச்சமின்றி இன்னும் பலமாக இழுக்க முடிந்தது. இத்தகைய உடைகளை எதிர்த்து 1881இல் லண்டனில் பெண்கள் சங்கமே அமைத்தார்கள். ஷேப்வேரோ, 1958இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் உருவான ஸ்பான்டெக்ஸ் இழையை நைலானுடன் சேர்த்துப் பின்னியது, இழுத்தால் விரியும்.

நம் இன்ஸ்கர்ட் மட்டும் சாதுவா என்ன? நாடா இறுக்கிய இடத்தில் இடுப்பைச் சுற்றிக் கறுத்துப்போன வடுவை, அளவெடுக்கும்போது அன்றாடம் பார்க்கிறேன். இடுப்பை ஆண்டுக்கணக்கில் இறுக்கிக் கட்டியதால் ஆறாத புண் உண்டாகி, அது புற்றுநோயாக மாறிய இரண்டு பெண்களைப் பற்றி மகாராஷ்டிர, பீகார் மருத்துவர்கள் 2024இல் எழுதியிருந்தார்கள். அழுத்தத்தை ஒரே கோட்டில் வைக்காமல் பரப்பிவிடும் ஷேப்வேர், அந்த வகையில் நாடாவைவிட மேல்தான்.

என் குறை அதன் அளவைப் பற்றியது. சென்ற தை மாதம் என் தங்கை மகள் தன் திருமண வரவேற்புக்காக மாலை ஐந்து மணிக்கு அணிந்ததை, இரவு பத்து மணிக்கு நானும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உரித்தெடுக்க வேண்டியிருந்தது. தொடையில் பதிந்த சிவப்புக் கோடு மறுநாள் காலையிலும் மறையவில்லை. தியாகராய நகரில் வாங்கிய அந்த உடையின் அட்டையில் 'எம்' என்ற ஓர் எழுத்து மட்டுமே இருந்தது. "ஒரு சைஸ் குறைச்சு எடுத்தாதான் ஷேப் வரும் மேடம்" என்று விற்பனைப் பெண் வேறு சொல்லியிருக்கிறார். உள்ளாடை என்பதால் போட்டுப் பார்க்கவும் விடவில்லை, திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஒரு ரவிக்கைக்கே நான் ஒன்பது அளவுகள் எடுக்கிறேன்.

எந்த இடுப்புக்கு, எந்தப் பின்புறச் சுற்றளவுக்கு அந்த உடை பொருந்தும் என்பதைத் தயாரிப்பாளர்கள் அட்டையிலேயே அங்குலத்தில் அச்சிட வேண்டும். வயிற்றை உள்ளிழுத்துப் பிடிக்காமல் இன்ச் டேப்பால் அளப்பது எப்படி என்பதைத் தங்கள் மகளிர் பக்கமும் ஒரு படத்துடன் வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு தையல் கலைஞர்,
மயிலாப்பூர், சென்னை-4