கோணல் கோபுரத்துக்குள் ஏறிப் பார்த்தேன்

அன்புள்ள கயலுக்கு,

போன வாரம் ரயில் நம் செஸ்டர்ஃபீல்டைத் தாண்டும்போது உன் தோழி ஜன்னல் வழியே நம் ஊர்த் தேவாலயத்தின் கோணல் கோபுரத்தைப் பார்த்து, "தொழில் தெரியாதவன் கட்டியிருக்கான்" என்று சிரித்தாள் என்றாயே, அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷமாகச் சந்தைக்குப் போகும்போது அண்ணாந்து பார்ப்பதோடு சரி. இந்தச் சனிக்கிழமை மூட்டுவலியைப் பார்க்காமல் மேலேயே ஏறிவிட்டேன்.

மேரி மாதா, சகல பரிசுத்தவான்கள் பெயரில் உள்ள அந்தச் சேகர ஆலயத்தின் உயரம் தரையிலிருந்து ஊசி முனை வரை 228 அடி. மேலே இருக்கும் கூம்பு 45 டிகிரி முறுக்கிக்கொண்டு, நடுவிலிருந்து 9 அடிக்கும் மேல் விலகிச் சாய்ந்து நிற்கிறது. கீழே கல் கோபுரம், அதன்மேல் மரக்கூடு, அதைச் சுற்றி ஈயத் தகடு. கூட்டைக் கல்லோடு இறுக்கிக் கட்டவே இல்லையாம், தன் எடையிலேயே உட்கார்ந்திருக்கிறது! அதைக் கேட்டதும் ஒரு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

கூம்புக்குள்ளே தலையை நீட்டினால் ஒரே இருட்டு. கண் பழகியதும் சட்டங்கள் தெரிந்தன. தாத்தா பட்டறையில் வளர்ந்தவன் இல்லையா, கை சும்மா இருக்கவில்லை, எட்டியதைத் தடவிப் பார்த்தேன். மரம் செதுக்கும் வாச்சி கொத்திய தடம் இன்னும் விரலுக்குத் தட்டுப்படுகிறது, சட்டத்தின் முனையில் செதுக்கிய கழுந்து துளைக்குள் இறங்கிய இடம் இன்னும் இறுக்கமாக இருக்கிறது. தொழில் தெரியாதவன் கை அப்படி இருக்காது, அம்மா.

பச்சை மரத்தில் கட்டியதால்தான் முறுக்கியது என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஓக் மரத்தைப் பச்சையாகத்தான் இழைப்பார்கள், நன்றாகக் காய்ந்துவிட்டால் உளி இறங்காது, கட்டிய பிறகு கூட்டிலேயே காய விடுவதுதான் வழக்கம். அப்படிக் காயும்போது மரம் திரும்பாமல் பிடித்துக்கொள்ளக் குறுக்குச் சட்டங்கள் வேண்டும், அவை இங்கே போதாது. அதற்குமேல் 33 டன் ஈயம். வெயில் படும் தெற்குப் பக்கத்து ஈயம் மற்ற பக்கத்தைவிட அதிகம் விரிந்து இழுக்கும். தகடுகளை மீன்முள் மாதிரி சாய்த்துச் சாய்த்து அடித்திருப்பதால் எட்டுப் பட்டை பதினாறாகத் தெரிகிறது, கண்ணுக்கு முறுக்கு இன்னும் கூடிப்போகிறது.

குறுக்குச் சட்டம் ஏன் குறைந்தது? கூம்பு எழுந்தது 1362 வாக்கில் என்கிறார்கள். அதற்குப் பதின்மூன்று வருஷம் முன்னால், 1348-49-இல், கொள்ளைநோய் வந்து இந்த நாட்டில் மூன்றில் ஒரு பங்கு ஜனத்துக்குக் குறையாமல் வாரிக்கொண்டு போனது. கைதேர்ந்த ஆசாரிகளும் அதில் போயிருப்பார்கள். பக்கத்தில் நின்று "இங்கே ஒரு சட்டம் கொடுடா" என்று சொல்ல மூத்தவர் இல்லாத பட்டறையை நினைத்துப் பார். மிஞ்சியவர்கள் கற்ற வரைக்கும் வைத்து இத்தனை உயரம் ஏற்றியிருக்கிறார்கள். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது, அங்கே நின்றபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

ஊர்க்காரர்களுக்கு வேறு கதை. பக்கத்து ஊர் போல்சோவரில் ஒரு கொல்லன் சாத்தானுக்கு லாடம் அடிக்கும்போது ஆணி சதையில் ஏறிவிட்டது, வலியில் சாத்தான் துள்ளிப் போகையில் உதைத்த உதையில் கூம்பு கோணிக்கொண்டது என்பார்கள். நீ சின்னப் பிள்ளையில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வாய். இந்த ஊர் ஃபுட்பால் அணிக்கே கூம்பை வைத்துத்தான் செல்லப்பெயர்.

அப்புறம், 1961 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் கோவிலுக்குள் தீப்பிடித்தது. 1756-இல் செய்த ஆர்கன் எரிந்தே போனது. அத்தனை காய்ந்த ஓக்கும் அந்தத் தீக்குத் தப்பிவிட்டது.

ஈஸ்டருக்கு வரும்போது அந்தத் தோழியையும் கூட்டி வா. படி குறுகல், ஹீல்ஸ் வேண்டாம் என்று சொல். நானே கூட்டிப் போய் அந்த வாச்சித் தடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா