திரையில் ஓடினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் தொழிலகத் தானியக்கம் படிக்கும் பொறியியல் மாணவர்கள் இயந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கருவிக்கான லேடர் (ஏணி வடிவ) புரோகிராமைக் கணினியில் ஓட்டிக் காட்டிவிடுகிறார்கள். பேனலைத் திறந்து ஒயர் பிடிக்கச் சொன்னால்தான் தடுமாற்றம்.

ஸ்டாப் பட்டனையே எடுத்துக்கொள்வோம். ஒயர் அறுந்தாலும் மோட்டார் நிற்க வேண்டும் என்பதற்காகவே அதை என்.சி. முனையில் (அழுத்தாதபோது மூடியிருந்து மின்சாரத்தை விடும் முனை) இணைக்கிறோம். பட்டனை அழுத்தாதவரை பி.எல்.சி.யின் உள்ளீட்டுக்கு 24 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். ஆகவே லேடரில், உள்ளீட்டில் மின்சாரம் இருந்தால் வழிவிடும் என்.ஓ. குறியீடுதான் போட வேண்டும். அங்கேயும், மின்சாரம் இல்லாதபோது மட்டுமே வழிவிடும் என்.சி. குறியீட்டைப் போட்டால் மோட்டார் கிளம்பவே கிளம்பாது. எத்தனை பேர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்!

அளவுக் கருவிகள் அனுப்பும் 4-20 மில்லி ஆம்பியர் சிக்னலும் அப்படித்தான். அளவு பூஜ்யம் என்றால் 4 வரும். 0 வந்தால் ஒயர் அறுந்திருக்கிறது. 250 ஓம் ரெசிஸ்டரைப் போட்டு மல்டிமீட்டரில் 1 முதல் 5 வோல்ட் வரை பார்த்தால் ஒரே நாளில் மனதில் பதியும்.

நம் ஊர்த் தோல் தொழிற்சாலைக் கழிவுநீரில் சுண்ணாம்பும் கொழுப்பும் கலந்திருக்கும். அமில, காரத் தன்மையை அளக்கும் பி.எச். எலக்ட்ரோடில் அது படிந்தால் அளவு தாமதமாக மாறும். அதற்குள் கன்ட்ரோலர் அமிலத்தை அளவுக்கு மீறி ஊற்றிவிடும். கன்ட்ரோலரின் செயல்பாட்டை அமைக்கும் பி.ஐ.டி. எண்களை எவ்வளவு மாற்றினாலும் பயனில்லை, எலக்ட்ரோடைக் கழுவி, பி.எச். அளவு 7, 4 என்று தெரிந்த பஃபர் கரைசல்களில் சரிபார்க்க வேண்டும்.

செய்முறைத் தேர்வில் இரண்டு மாணவருக்கு ஒரு பேனல் கொடுத்து, ஆசிரியர் ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு, அரை மணி நேரத்தில் கோளாறைக் கண்டுபிடிக்கச் சொல்லட்டும். அதற்கும் மதிப்பெண் ஒதுக்கும்படி கல்லூரிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

- கருவியியல் பணியாளர்கள் சிலர், ராணிப்பேட்டை